பல் டாக்டருக்குப் போன அனுதாபம்

என் அன்புக்கும், போன வாரம் வரை என் மரியாதைக்கும் உரிய மைத்துனனுக்கு,

உன் அக்காளைக் கட்டியவன் கடையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே ரோஜா, லில்லி, செவ்வந்தி, நான் ஆகிய அனைவரும் வாடாமல் இருக்கிறோம். உன் அக்காளின் மணிக்கட்டு வலி முன்னைக்கு இப்போது தேவலை. கட்டு மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. கை சும்மா இருப்பதால் வாய்க்கு வேலை கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மேலதிகாரி உன்னைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்க வேண்டும் என்றும் மனதார விரும்புகிறேன். ஏனென்றால் உனக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நீ யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்துவிடுகிறாய்.

நீ போன முறை இங்கே வந்திருந்தபோது உன் அக்கா கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பதிலாக நான் வாழ்த்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். கடை திறந்த நாளிலிருந்து பூங்கொத்தில் செருகும் அட்டையை எழுதுவது அவள்தான். அந்தக் கையெழுத்துக்காகவே நம் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. என் கையெழுத்தைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "மருந்துச் சீட்டு மாறி வந்துருச்சு போல" என்று அட்டையைத் திருப்பி நீட்டினார். அதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அத்தான், இதுக்கு ஒரு சின்ன புரோகிராம் போதும். நீங்களே எழுதலாம். பெரிய புத்தகமெல்லாம் வேணாம். கடையில இருக்கிற சின்னச் சின்னப் பிரச்சினையா எடுத்து ஒவ்வொண்ணா தீர்த்துட்டு வாங்க, மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்றாய். உன் பழைய லேப்டாப்பையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். தானாக எதுவும் வரவில்லை மாப்பிள்ளை. வந்ததெல்லாம் ஆட்கள்தான்.

முதலில் நான் எடுத்துக்கொண்ட சின்னப் பிரச்சினை ரோஜா. வாளியில் இருக்கும் ரோஜாக்களை அன்றைக்குக் கட்ட வேண்டிய பூங்கொத்துகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். நீ சொல்லிக்கொடுத்தபடி இரண்டு எண்களைக் கேட்டு, ஒன்றை இன்னொன்றால் வகுத்து, விடையைத் திரையில் காட்டும்படி எழுதினேன். நாலே வரி. என் வாழ்க்கையில் நான் எழுதி யாரும் திருப்பிக் கொடுக்காத முதல் எழுத்து அதுதான். பெருமையோடு உன் அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூங்கொத்துக்கு மூன்றரை ரோஜா என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அரை ரோஜாவ எப்படிங்க குடுப்பீங்க? ஒருத்தருக்குப் பூ, இன்னொருத்தருக்குக் காம்பா?" என்றாள். உனக்கு ஃபோன் செய்தேன். நீ சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கவும், மீதியைத் தனியாகக் காட்டவும் சொல்லிக்கொடுத்தாய். அப்படி மீந்த ரோஜாக்களை என்ன செய்வதென்று தெரியாமல் உன் அக்காளிடம் கொடுத்தேன். கல்யாணமானதிலிருந்து இந்தப் பூக்கடைக்காரர் தனக்குப் பூ கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "வகுத்து மீதி வந்தாதான் எனக்கா?" என்று கேட்டாள். இதற்கு உன் பாடத்தில் விடை இல்லை.

அடுத்தது நன்றிச் சீட்டு. பூ வாங்குகிறவர்களுக்கு 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒரு சின்னத் தாள் கொடுக்க ஆசைப்பட்டேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் என்பதை நீ அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தாய். காகிதம் இருக்கும்வரை அச்சடி என்று எழுதினேன். நான் சொன்னதை அது அப்படியே செய்தது. இந்த வீட்டில் நான் சொன்னதை இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் செய்ததில்லை என்பதால் எனக்கு அதை நிறுத்த மனம் வரவில்லை, அப்புறம் மனம் வந்தபோது நிறுத்தத் தெரியவில்லை. பிரிண்டர் காகிதம் கேட்டு முனகும்வரை நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தத் தாள்களில்தான் பிறகு பூக்காம்புகளைச் சுற்றிக் கொடுத்தோம். ஒரு பூங்கொத்தைச் சுற்றிச் சுற்றி அத்தனை நன்றியைப் பார்த்த ஓர் அம்மாள், "ஏங்க, கடைய மூடிட்டுப் போறீங்களா?" என்று வருத்தமாகக் கேட்டார்.

இதெல்லாம் கற்றுக்கொள்ளும்போது வருவதுதான், பரவாயில்லை என்று நீ சொன்னாய். சரி என்று நானும் துணிந்துவிட்டேன். நீ முதலில் சொன்ன அட்டை புரோகிராமையே எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், நீ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்.

போன வெள்ளிக்கிழமை காலை நான்கு ஆர்டர். பெரிய தெருமுனையில் புதிதாகக் கிளினிக் திறக்கும் பல் டாக்டருக்கு ஒன்று. அன்று பணி ஓய்வு பெறும் வங்கி மேலாளர் அம்மாளுக்கு, அவரிடம் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து சொன்னது ஒன்று. நம் கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் மெக்கானிக் சொன்னது ஒன்று. அவன் மனைவி கோபித்துக்கொண்டு அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. மூன்று முறை நேரில் போய், மூன்று முறையும் தங்கை புருஷனோடு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன், கடைசியாக உன் அக்காள் சொன்ன யோசனையின்பேரில் பூ அனுப்பச் சம்மதித்தான். நான்காவது ஒரு மலர் வளையம். நம் ஊர் நீச்சல் குளத்தில் பாதி ஊருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் முந்தின நாள் காலமாகிவிட்டார். அவருடைய மாணவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான்கு வாசகங்களையும் லேப்டாப்பில் வரிசையாக ஏற்றினேன். பூங்கொத்துகளுக்கு எண் போட்டு, முகவரிச் சீட்டு கட்டினேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதனால் பல் டாக்டருக்குப் பூஜ்யம், மேலாளருக்கு ஒன்று, மெக்கானிக் மனைவிக்கு இரண்டு, மலர் வளையத்துக்கு மூன்று. நம் வேன் ஓட்டுகிறவனை உனக்குத் தெரியும். வண்டி நிற்கும்போதும் ஹாரன் அடிப்பதால் ஹாரன் என்றே பெயர் நிலைத்துவிட்டவன். அவன் முதல் பூங்கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூஜ்யம்னு போட்டிருக்கு, ஆனா பூ இருக்கே" என்று சந்தேகப்பட்டான். அவனுக்குக் கம்ப்யூட்டர் எண்ணும் முறையை விளக்கினேன். விளக்கியபோது எனக்கே ஒரு கௌரவம் வந்தது. புரோகிராம் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய வாசகத்தை அச்சடித்தது, நான் கவரில் போட்டு ஒட்டி, மேலே எண் எழுதிச் செருகினேன். அனுப்புகிறவர் பெயரை அடியில் அச்சடிப்பதை அடுத்த பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆகவே எந்த அட்டையிலும் பெயர் கிடையாது. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

வேன் போய்த் திரும்பி வந்தது. ஹாரன் சாப்பிட உட்கார்ந்தான். ஃபோன் அடித்தது. பல் டாக்டர்.

"பூ குடுத்து விட்டது நீங்கதானே?"

"ஆமாங்க டாக்டர். வாழ்த்துகள்."

"வாழ்த்தா? உங்க அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கவா? 'தங்களுக்கு நேர்ந்த இழப்பு ஈடு செய்ய முடியாதது. இந்த வலியைத் தாங்கும் மன உறுதி கிடைக்கட்டும்.' இத ரிசப்ஷன்ல வச்சிருந்தாங்க. முதல் பேஷன்ட் வந்து உட்கார்ந்தாரு, படிச்சாரு, எழுந்து போயிட்டாரு. எதுத்தாப்புல இருக்கிற பழைய டாக்டர்தானே உங்ககிட்ட சொல்லி இத அனுப்பச் சொன்னது?"

இல்லை, எங்கள் வேன்காரன் கவரை மாற்றி வைத்துவிட்டான் என்று கூசாமல் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டு ஹாரனை ஒரு பிடி பிடித்தேன். அவன் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, "எண்ணப் பாத்துத்தான் வச்சேன். எண்ணு சரியா இருந்துச்சு" என்றான். உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். மறுபடி ஃபோன்.

இந்த முறை வங்கியிலிருந்து. பேசியவர் குமாஸ்தா. குரல் நடுங்கியது. அழுகையா சிரிப்பா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த மேலாளர் அம்மாள் முன்னால் யாரும் வாய் திறந்ததில்லையாம். கூட்டத்தில் கேள்வி கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவார்களாம். பிரிவுபசாரக் கூட்டத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த அம்மாள் மேடையில் கவரைப் பிரித்துச் சத்தமாகப் படித்திருக்கிறார்: "இன்று முதல் ஊரே உங்கள் முன் வாய் திறக்கட்டும். காலை முதல் மாலை வரை உங்கள் வாசலில் கூட்டம் குறையாதிருக்கட்டும்."

"அய்யய்யோ" என்றேன்.

"கேளுங்க சார். அப்புறம் அந்தம்மா நிமிர்ந்து பாத்து, 'நான் அவ்வளவு பயமுறுத்திட்டேனா?'ன்னு கேட்டாங்க. யாரும் பேசல. எங்க காவலாளிதான் எழுந்து 'ஆமா மேடம்'னாரு. அவ்வளவுதான். அப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேச ஆரம்பிச்சவங்க இன்னும் நிறுத்தல. அந்தம்மா எழுதி வச்சிக்கிட்டே கேக்குறாங்க. டீ ரெண்டாவது தடவை வந்தாச்சு. நான் கூப்பிட்டது எதுக்குன்னா, இத யார் எழுதினதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியணுமாம்."

அது பல் டாக்டருக்குப் போக வேண்டிய வாழ்த்து என்று சொல்ல வாய் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். ஒரு கவர் மாறலாம். இரண்டு கவரும் மாறியிருக்கிறது என்றால் அது ஹாரன் வேலை இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ ஒரு முறை சொல்லியிருந்தாய்: "குழம்பினா ஒண்ணும் ஊகிக்காதீங்க அத்தான். ஒவ்வொரு படியிலயும் கம்ப்யூட்டர் என்ன நெனச்சிக்கிட்டிருக்குன்னு திரையில காட்டச் சொல்லிப் பாருங்க." அப்படியே செய்தேன். எந்தப் பூங்கொத்துக்கு எந்த வாசகத்தை எடுக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுக்குப் பூஜ்யம் என்றது. இரண்டுக்கு ஒன்று என்றது. மூன்றுக்கு இரண்டு என்றது. முதலாவதான பூஜ்யத்துக்கு மைனஸ் ஒன்று என்றது.

விஷயம் இதுதான். பூங்கொத்துகளையே பூஜ்யத்திலிருந்து எண்ணிவிட்டேன். அது போதாதென்று, எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று புரோகிராமுக்குள்ளும் ஒன்றைக் கழித்து வைத்திருந்தேன். ஒரே ஒன்றை இரண்டு இடத்தில் கழித்தால் என்ன ஆகும்? எல்லாருக்கும் முந்தினவருடைய அட்டை போகும். சரி, மைனஸ் ஒன்றாவது அட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாதே, அங்கேயாவது அது முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டாமா? நிற்காதாம். மைனஸ் ஒன்று என்றால் கடைசியிலிருந்து முதலாவது என்று அதற்கு அர்த்தமாம். ஒரு வார்த்தை கேட்காமல் கடைசியில் இருந்த இரங்கலை எடுத்துப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டது. இதை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பதற்கு நேரில் பதில் சொல்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததும் ஒரு நொடி சந்தோஷம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடியே மீதி இரண்டு அட்டைகளும் எங்கே போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஃபோன் வராத இரண்டு வீடுகள். பணி ஓய்வு வாழ்த்து மெக்கானிக் மனைவியிடம் இருக்கிறது. மெக்கானிக் சொன்னது துக்க வீட்டில் இருக்கிறது. உன் அக்காளிடம் சொன்னேன். அவள் கட்டுப் போடாத கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஓய்வு வாழ்த்துல என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள். நான் திரையைக் காட்டுவதற்குள் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. மெக்கானிக் மனைவி. ஒரு கையில் பூங்கொத்து, தலைகீழாக. இன்னொரு கையில் அட்டை.

"அண்ணே, நீங்களே படிங்க" என்று நீட்டினாள்.

எனக்கு மனப்பாடம். இருந்தாலும் படித்தேன்: 'இத்தனை ஆண்டுகள் ஓயாமல் உழைத்த தங்களுக்கு எங்கள் நன்றி. தங்கள் இடத்துக்கு ஓர் இளையவர் வந்தாலும் தங்கள் அனுபவத்துக்கு ஈடாகாது. இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்.'

"யாருண்ணே அந்த இளையவர்?"

அப்போது எதிர்க்கடையில் ஒரு மோட்டார் சைக்கிளின் அடியில் மெக்கானிக்கின் கால்கள் மட்டும் தெரிந்தன. ரேடியோப் பாட்டுக்குத் தகுந்தாற்போல் பாதத்தை ஆட்டிக்கொண்டிருந்தான். பூ போய்ச் சேர்ந்திருக்கும், சாயங்காலத்துக்குள் மனைவி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டவன். இவள் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு அங்கே போகத் திரும்பினாள். உன் அக்கா எழுந்து கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அட்டை உன்னுடையது இல்லை, உனக்கு வர வேண்டியது வேறு இடத்துக்குப் போய்விட்டது, எல்லாம் இவர் கம்ப்யூட்டர் படிக்கிற அழகு என்றாள். நானும் பூஜ்யம், மைனஸ் ஒன்று என்று கொஞ்சம் விளக்கினேன். அது அவளுக்குச் சந்தேகத்தைத்தான் அதிகமாக்கியது.

"உங்க கூட்டாளியக் காப்பாத்தக் கத கட்டுறீங்க. எனக்கு அனுப்பினது உண்மையா இருந்தா அது எங்க? என் கண்ணால பாக்கணும்."

திரையில் இருக்கிறது, பார் என்றேன். திரையில் நீங்கள் இப்போதுகூட அடித்திருக்கலாம் என்றாள். எப்படியும் துக்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கடையைப் பூட்டினோம். முன்னால் ஹாரனும் நானும், பின்னால் பூ வாளிகளுக்கு நடுவே உன் அக்காளும் மெக்கானிக் மனைவியும். வழியெல்லாம் ஹாரன் ஹாரனே அடிக்கவில்லை. அவன் என்மேல் அவ்வளவு கோபமாக இருந்தான். அவனிடம் வழியிலேயே மன்னிப்புக் கேட்டேன். "எண்ணு சரியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

பயிற்சியாளர் வீட்டில் எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். வாசலில் நாற்காலிகளை மடக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னறையில் சுவரில் ஓர் ஆணியில் அவருடைய விசில் தொங்கியது. மூத்த மகன் எங்களை உள்ளே விடவில்லை. வாசலிலேயே தணிந்த குரலில் கேட்டான்.

"அந்த மலர் வளையத்த யார் அனுப்பச் சொன்னாங்க? சொல்லிட்டு உள்ள போங்க."

"அப்பாவோட மாணவர்கள்..."

"மாணவர்கள் எழுதுற எழுத்தா அது? 'உன் மேல தப்பில்ல. கோபத்த விட்டுட்டு வீட்டுக்கு வா. நீ இல்லாம இந்த வீட்ல ஒண்ணும் ஓடல. இனிமே எதிர்த்துப் பேசமாட்டேன்.' இத அத்தனை பேர் முன்னாடி எங்க சித்தப்பா சத்தமா படிச்சிட்டாரு. எந்த வீடு? எங்கப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்துச்சா?"

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் பூமி பிளந்தால் முதல் ஆளாக நான்தான் குதித்திருப்பேன். காலையில் பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் தனியாக நின்றிருக்கிறார். எல்லோர் பார்வையும் அவர் பக்கம் திரும்பியிருக்கிறது. பாவம், அவர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுப்பவராம், கண்வலியாம். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் மனைவி மட்டும் நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. மகன் ஒப்பித்த வாசகத்திலேயே அவள் நின்றுவிட்டாள். 'ஒண்ணும் ஓடல' என்பதை மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து பயிற்சியாளரின் மனைவி கூப்பிட்டார். "யாருடா அது? வரச் சொல்லு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜன்னல் பாதி திறந்திருந்தது. மகன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. நான் கைகூப்பி நின்றேன். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உரிய அட்டையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"அது இல்லையே" என்றார். "அவரோடயே அனுப்பிட்டேன்."

அவரே சொன்னார். "கூட்டத்துல படிச்சதும் இவங்க எல்லாம் யார் யார்னு முழிச்சாங்க. எனக்கு அதெல்லாம் தோணவே இல்ல. கடைசியா நாங்க பேசினது இந்த ஜன்னலச் சாத்துறதப் பத்தித்தான். அவருக்குக் காத்து வேணும், எனக்குக் கொசு வரக்கூடாது. நான் சத்தம் போட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம குளத்துக்குக் கெளம்பிப் போனாரு. அங்கயே போயிட்டாரு. நான் எழுதியிருந்தா இதத்தான் எழுதியிருப்பேன், எனக்கு எழுத வரல. யாரோ எழுதிக் குடுத்தாங்கன்னு நெனச்சு அவர் சட்டப் பையில வச்சு விட்டேன். உன்னோடதாம்மா அது?"

மெக்கானிக் மனைவி தலையாட்டினாள். இன்னும் கையில் தலைகீழாகத் தொங்கிய பூங்கொத்தை அப்போதுதான் கவனித்து நேராகப் பிடித்தாள்.

"உன்னத எடுத்துக்கிட்டேன். சரி, என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் சொல்லிடறேன், கேட்டுக்க" என்று அந்த அம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். உன் மேல தப்பில்ல. கோபத்த விட்டுட்டு வீட்டுக்கு வா. நீ இல்லாம இந்த வீட்ல ஒண்ணும் ஓடல. இனிமே எதிர்த்துப் பேசமாட்டேன். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "கடைசி வரிய நம்பாத. எல்லாரும் பேசுவாங்க. ஆனா நீ போ" என்றார்.

உன் அக்கா என் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். ஹாரன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

திரும்பும்போது மெக்கானிக் மனைவி பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வேன் நின்றதும் இறங்கி நேரே எதிர்க்கடைக்குப் போனாள். கால்கள் இன்னும் வண்டிக்கு அடியில்தான் இருந்தன. பூங்கொத்தை அந்தக் கால்கள்மேல் வைத்துவிட்டு, "வீட்டுச் சாவி எங்க?" என்று கேட்டாள். அவன் உள்ளேயிருந்து அவசரமாக எழ, தலை எங்கேயோ இடித்த சத்தம் நம் கடை வரை கேட்டது. பல் டாக்டரிடம் மறுநாள் நானே போனேன். எதிரே இருந்த பழைய டாக்டர் 'இழப்பு' என்ற செய்தியை யார் மூலமோ கேள்விப்பட்டு முந்தின நாளே துக்கம் விசாரிக்க வந்திருந்தாராம். வந்தவர் பேசிக்கொண்டே இருந்து, கடைசியில் தன் கிளினிக்கில் இடமில்லாத நோயாளிகளை இங்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இருந்தாலும் டாக்டர் எனக்கு நாற்காலியைக் காட்டி, "வாயத் திறங்க" என்றார். நியாயம்தான். திறந்தேன். ஒரு பல் போயிற்று.

இத்தனைக்கும் பிறகு உன் அக்காளிடம் ஒரு முடிவைச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பது என் சாமர்த்தியம் இல்லை, மற்றவர்கள் நல்லவர்களாக இருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொரு நாளும் நான்கு நல்லவர்கள் கிடைப்பார்கள் என்று நம்பிக் கடை நடத்த முடியாது. ஆகவே எனக்கும் புரோகிராமுக்கும் இன்றோடு சரி. இனி அட்டையை நானே கையால் எழுதுவேன். படிக்க முடியாத எழுத்தால் இதுவரை யார் குடும்பமும் கலங்கவில்லை. லேப்டாப்பைத் துடைத்து, பூப்பெட்டியில் வைத்து, இந்தக் கடிதத்தோடு ஹாரனிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி இந்த வீட்டில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காதே என்று மூத்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் குழந்தைக்கு என் முத்தம். உன் மனைவியிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், பல் வலியில்லாமல், நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: லேப்டாப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. பெட்டியில் வைக்கப் போனபோது அது மேசைமேல் இல்லை. உன் அக்காளிடம் இருக்கிறது. ஒற்றைக் கையால் அவள் ஒரு வாரமாக உன்னிடம் ஃபோனில் பாடம் கேட்டு வருகிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. இதை என்னிடம் மறைத்ததற்கு உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். என் புரோகிராமைத் திருத்தி அவள் ஒன்று எழுதியிருக்கிறாள். அச்சடிக்கும் முன் அது என்னிடம் கேள்வி கேட்கிறது. 'யாருக்கு அனுப்புகிறீர்கள்?' சொன்னேன். 'நிச்சயமாகவா?' ஆமாம் என்றேன். 'இதை உங்கள் மனைவியிடம் காட்டினீர்களா?' ஆமாம் என்றேன். 'எப்போது?' என்று கேட்கிறது. என்ன அடித்தாலும் மறுபடி 'எப்போது?' என்றே கேட்கிறது. காலையிலிருந்து மூன்று பூங்கொத்துகள் அட்டையில்லாமல் காத்திருக்கின்றன. லூப் நிற்கவில்லை, உன் புரோகிராமில் பிழை இருக்கிறது என்று உன் அக்காளிடம் எடுத்துச் சொன்னேன். "பிழையில்லங்க, அப்படித்தான் எழுதினேன்" என்கிறாள்.